அந்தக் கடிகாரத்தில் குறைந்த அரை மணி நேரம்

ஜோயல், கண்ணு,

இந்தக் காகிதத்தை, நீ பெட்டி அடுக்கும்போதே கண்ணில் படும்படி, சட்டைகளுக்கு மேலேயே வைப்பதாக ஷீபா சொல்லியிருக்கிறாள். உன் பெண்டாட்டியைத் திட்டாதே, நான்தான் கெஞ்சினேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ திறக்க மாட்டாய். ஃபோன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். வேலையே இல்லாதவனுக்கு என்னடா மீட்டிங் என்று போன வாரம் நேரிலேயே கேட்டுவிட்டேன். வாயை விட்டு அந்தச் சொல் வெளியே வந்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் நீ செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய். சனிக்கிழமை உனக்கு பாங்காக் விமானம். அதற்குள் நீ நம் இரும்புலியூர் வீட்டுப் பக்கம் தலைகாட்டப் போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போகிற இடம் பாங்காக் இல்லை என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே இறங்கியதும் உன்னை எல்லை தாண்டிக் கூட்டிப்போய், நான் பிறந்த அதே நாட்டுக்குள், கம்பி வேலிக்குப் பின்னால் உட்காரவைத்து, ஊர் உலகத்தையெல்லாம் ஆன்லைனில் ஏமாற்றச் சொல்வார்கள் என்று பயமாக இருக்கிறது. இப்படிப் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி நீயும் பேப்பரில் படித்திருக்கிறாய். "அவனுங்க வெவரம் இல்லாதவங்கம்மா" என்றாய். இல்லையப்பா. இங்கிலீஷ் பேசத் தெரிந்த, கம்ப்யூட்டர் தெரிந்த, உன்னைப் போன்ற பிள்ளைகளைத்தான் அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை நம் சர்ச் பெண்கள் குழுவிலும் போடப் போகிறேன். உன் மானம் போகிறது என்று குதிப்பாய். குதி. அந்த ஏஜென்ட் நம் தெருவிலேயே இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு ஆசை காட்டியிருக்கிறான். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

இன்டர்வியூ அன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். மேடவாக்கத்தில் உன் ஃப்ளாட்டில் தண்ணீர் லாரி சத்தமும் குழந்தை அழுகையும் ஓயாது என்று இன்டர்வியூவுக்கு நம் வீட்டுக்கு வந்தாய். சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டவுசர். "அம்மா, பாத்திரத்த உருட்டாத, ஹெச்ஆர் லைன்ல வராங்க." நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு உனக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். அவளுக்குப் பின்னால் வானுயர்ந்த கட்டடங்களாக ஒரு படம் ஒட்டியிருந்தது. நடுவில் அவள் எதையோ எடுக்கக் குனிந்தபோது அவளுடைய லேப்டாப் கொஞ்சம் திரும்பிற்று. அந்தப் படம் விலகி, சுண்ணாம்பு பெயர்ந்த சுவர் ஒன்று தெரிந்தது. சுவரில் ஒரு கடிகாரம். பன்னிரண்டு காட்டிற்று. நான் நிமிர்ந்து நம் ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் பன்னிரண்டு. உன் லேப்டாப்பின் மூலையில் மணி பதினொன்று. என் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. நீ திரும்பி முறைத்தாய்.

நம் சமையலறைக் கடிகாரத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அது ரங்கூன் நேரம் காட்டும் கடிகாரம். நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பாங்காக் அதற்கும் அரை மணி நேரம் முன்னால். நமக்குப் பதினொன்று என்றால் பாங்காக்கில் பன்னிரண்டரையாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருந்தது பாங்காக் சுவர் இல்லை, பர்மா சுவர், ஜோயல். இன்டர்வியூ முடிந்ததும் இதைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, சுவத்துக் கடிகாரம்மா அது. பேட்டரி வீக்கா இருந்தா ஸ்லோவாதான் ஓடும். அரை மணி நேரத்துக்காக என்னை இந்த வேலைய விடச் சொல்றியா?" நான் சொன்னேன், "பேட்டரி தீர்ந்த கடிகாரம் கரெக்டா அரை மணி நேரம்தான் லேட்டா ஓடுமாடா?" நீ சொன்னாய், "உனக்கு எல்லாத்துலயும் பர்மாதான் தெரியும்." அதற்குப் பிறகுதான் நான் அந்த மீட்டிங் பேச்சைப் பேசினேன். நீ போய்விட்டாய்.

எல்லாவற்றிலும் எனக்கு பர்மா தெரிவது நிஜம்தான். தாம்பரத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தும் "பர்மா மிஸ்" என்ற பெயர் என்னை விடவில்லை. உன் தாத்தாவுக்கு ரங்கூனில் மரக்கடை. கடை கைவிட்டுப்போன பிறகும், பெண் இன்ஜினியரிங் முடிக்கட்டும் என்று அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஊருக்கு வெளியே புல்வெளிக்கு நடுவில் இருந்தது எங்கள் காலேஜ். ரங்கூனைச் சுற்றி ஓடும் ரயிலில் போக வேண்டும். நம் பீச் ரயில் மாதிரி இல்லை அது. தூங்கிவிட்டால் ஊரையே ஒரு சுற்று சுற்றிக்கொண்டுவந்து ஏறின இடத்திலேயே விட்டுவிடும். கோ தூன் என்று ஒருவன், என் வகுப்பு, பரீட்சை அன்று டிராயிங் போர்டைத் தலைக்கு வைத்துத் தூங்கி இரண்டு சுற்று வந்துவிட்டான். பேராசிரியர் கேட்டபோது, "சயா, ரயில் காலேஜைத் தாண்டிப் போய்விட்டது, நான் என்ன செய்ய?" என்றான். சயா என்றால் வாத்தியார். அன்றைக்கு வகுப்பே வயிறு வலிக்கச் சிரித்தது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, இந்த நிலையிலும்.

பெண்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். ஹாஸ்டலில் எனக்கு அறைத்தோழி மா சான். எனக்கு அங்கே மா கின் என்று பெயர். பிறந்த கிழமையைப் பார்த்து வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். மா சான் எப்போது சாப்பிட உட்கார்ந்தாலும் ஙாப்பியை, அதுதான் அந்த நாற்றமடிக்கும் மீன் விழுதை, என் தட்டில் வைக்க வருவாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு "வேணாம், வேணாம்" என்று தமிழிலேயே கத்துவேன். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். இப்போது தாம்பரம் மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ என்று ஒரு நூடுல்ஸை பர்மா சாப்பாடு என்று விற்கிறார்களே, அதைப் பார்த்தால் அவள் அழுதே விடுவாள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு தேசமாகப் போய்விட்டோம். இருந்தாலும் விட்டுப்போகவில்லை. மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் வீடியோவில் கூடுவோம். அதில் எங்களுக்கு ஒரு சட்டம். அமெரிக்காவில் இருந்தாலும் ஆஸ்திரேலியாவில் இருந்தாலும் ரங்கூன் நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். வேறு நேரம் சொல்பவனுக்கு அன்று பேச வாய்ப்பில்லை. அதற்காகத்தான் அந்தக் கடிகாரம். கடிதமும் தந்தியும் இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. பத்தாம் வகுப்பில் அதைப் பார்த்து நேரமாகிவிட்டது என்று அலறியடித்து ஓடி, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாயே! "இத தூக்கி வெளிய போடு" என்று உன் அப்பாவிடம் அழுதாய். அவர் ஸ்டூல் போட்டு ஏறியும்விட்டார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் வாத்தியார்களுக்கு வணக்கம் செய்யும் நாள் ஒன்று உண்டு. ஒரு தடவை நீ கதவோரம் நின்று பார்த்தாய். திரையில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் தோன்றினார். எழுபது வயதைத் தாண்டிய நாங்கள் எல்லோரும், சிட்னியிலும் சிங்கப்பூரிலும் இரும்புலியூரிலும், முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து கைகூப்பிக் குனிந்தோம். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "வைஃபைக்கு கும்பிடு போடறியா?" என்றாய். சிரிப்பான காட்சிதான். ஆனால் அப்படிச் சேர்ந்து குனிந்தவர்களில் ஒருவர் கேட்டால் இன்னொருவர் மறுக்க மாட்டார் என்பதும் எங்களுக்குள் ஒரு வழக்கம். அதை நான் இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூடப் பயன்படுத்திக்கொண்டதில்லை. இப்போது பயன்படுத்தியிருக்கிறேன்.

அதற்கு முன், உனக்கு நான் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வருஷத்தில் ஊரில் மாணவர்கள் கலாட்டா பெரிதாகி, எங்கள் காலேஜை ஒரே நாளில் மூடினார்கள். சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ரயில் ஓடவில்லை. வாசலில் அரசாங்க லாரிகள் வந்து நின்றன. "ஏறுங்க, சிட்டி ஸ்டேஷனில் விட்டுடறோம்" என்று பதவிசாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்குப் பெட்டி கனம். ஒரு லாரியில் காலை வைத்துவிட்டேன். மா சான் என் பின்னலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். உயிர் போகிற வலி. "என்னடி?" என்றேன். அவள் என் காதில் சொன்னாள். "வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிக்குது பாரு." பார்த்தேன். ஸ்டேஷன் தெற்கே. லாரிகள் எல்லாம் வடக்கே, சிறை இருக்கிற பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ரோடு குறுகல். அங்கே வைத்து அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பவும் முடியாது. நாங்கள் இருவரும் ஹாஸ்டல் பின்வேலி வழியாகப் புகுந்து வயலில் இறங்கி நடந்தே ஊர் வந்து சேர்ந்தோம். அந்த லாரிகளில் ஏறின எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அதற்குப் பிறகு அடுத்த மழைக்காலத்தில்தான் பார்த்தோம். ஆளே மாறிப்போயிருந்தார்கள். ஒருவன் கடைசி வரை வகுப்புக்கே திரும்பவில்லை. அவர்கள் என்னைவிட முட்டாள்கள் இல்லை, ஜோயல். அவர்கள் பின்னலைப் பிடித்து இழுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் நான் சும்மா இருக்க முடியாமல் உன் ஏஜென்டைப் பார்க்கப் போனேன். ஆமாம், போனேன். மேடவாக்கம் ஜங்ஷனில் மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறான். டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தான். "ஆன்ட்டி, இன்னாத்துக்கு இப்டி பேஜார் ஆவுறீங்க? ஏசி ரூமு, சோறு ஃப்ரீ. புள்ள ராஜா மாறி இருந்துகினு வேலை பாக்கும்" என்றான். ஆபீஸ் அட்ரஸ் கேட்டேன். "அட்ரஸ் எதுக்கு ஆன்ட்டி? கம்பெனி காரே ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிகினு பூடும்." எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ட்ரெய்னிங் சென்டர் மட்டும் கொஞ்சம் அவுட்டர்ல கீது. ஆறேழு மணி நேரம்." தாம்பரத்திலிருந்து ஆறேழு மணி நேரம் வண்டி ஓட்டினால் மதுரை வந்துவிடும். அதுவாப்பா அவுட்டர் என்றேன். அவன் முகம் மாறிற்று. "ஆன்ட்டி, உங்க புள்ள சின்னக் கொழந்த இல்ல" என்று எழுந்து நின்றான். கையெழுத்துப் போட்டு அட்ரஸ் கொடு என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

அன்றே மா சானுக்கு ஃபோன் செய்தேன். அவள் இன்னும் ரங்கூனில்தான் இருக்கிறாள். எப்போது பேசினாலும் என்னைக் கேலி செய்யாமல் தொடங்க மாட்டாள். ஆனால் அங்கே இப்போது ஃபோனில் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. யார் கேட்கிறார்களோ என்ற பயம். கம்பெனி பெயரைச் சொன்னேன். கடிகாரத்தைச் சொன்னேன். ஏர்போர்ட்டுக்கு வரும் காரைச் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். "பையனுக்கு என்ன வயசு?" என்றாள். முப்பத்தைந்து என்றேன். பிறகு, பர்மிய மொழியில் இல்லை, தமிழில் சொன்னாள். "வேணாம்." ஒரு மூச்சு விட்டு மறுபடியும், "வேணாம், மா கின், வேணாம்." வைத்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருப்பவனுக்குப் புரியக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே சொல்லில் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது.

உன் பக்கம் எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. ஓஎம்ஆர் ரோட்டில் நீ வேலை பார்த்த கம்பெனி உன்னை வெளியே அனுப்பியதிலிருந்து நீ ஷீபாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காலையில் பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் மாதிரியே கிளம்பி, எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வருகிறாய். மறைமலை நகரில் உன் அப்பாவின் சிநேகிதர் ஒரு வேலைக்குச் சொல்லிப் பார்த்தார். அது உன் படிப்புக்குக் குறைவு என்றாய். என் இன்ஜினியரிங் டிகிரியை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துத்தான் உன்னை வளர்த்தேன். முதல் வருஷம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறேன். ஆகவே உன் அவமானம் எனக்குப் புரிகிறது. நான் பயந்தாங்கொள்ளி என்பதும் எனக்குத் தெரியும். மழை வந்தால் ஏரி உடைந்துவிடும் என்பேன். நீ டூர் போனால் பஸ் கவிழ்ந்துவிடும் என்பேன். ஒரு தடவையும் நான் சொன்னது நடந்ததில்லை. இந்தத் தடவையும் நடக்கக் கூடாது என்றுதான் முட்டி போட்டுக் கர்த்தரிடம் கேட்கிறேன். அந்தக் கடிகாரம் பேட்டரி தீர்ந்ததாகவே இருக்கட்டும். நான் கிறுக்குப் பிடித்த கிழவியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

போகாதே என்று இனி நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீ கூடுதலாக முறுக்கிக்கொண்டு போவாய், அப்படியே உன் அப்பா. சனிக்கிழமை விமானம் ஏறு. ஆனால் பாங்காக்கில் இறங்கியதும் ஒன்று செய். ரயிலில் தூங்கிப் பரீட்சையைக் கோட்டைவிட்டான் என்றேனே, அந்தக் கோ தூன் இப்போது பாங்காக்கில் மகளோடு இருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடிக்கும் முன்பே, "ஃப்ளைட் நம்பரை அனுப்பு. நான் போய் நிற்கிறேன்" என்றார். முதலில் உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடுவார். மறுநாள் பகல் வெளிச்சத்தில், அவர் மகள் காரில், அந்தக் கம்பெனி சொல்கிற இடத்துக்கு உன்னோடு வருவார். அங்கே நிஜமாக ஆபீஸ் இருந்து, ஆட்கள் இஷ்டப்படி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தால், நீ வேலையில் சேர்ந்துகொள். நான் அந்த ஏஜென்டின் மாடிப்படி ஏறிப் போய் மன்னிப்பே கேட்டுவிடுகிறேன். இல்லையென்றால் அவரே உன்னைத் திரும்ப விமானத்தில் ஏற்றிவிடுவார். ஒன்றே ஒன்று, பாஸ்போர்ட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதே. "ரிஜிஸ்டர் பண்ணத்தான் சார், அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தை நம்பாதே.

நீ வெளியே வரும் இடத்தில் உன் பெயரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். கம்பெனி ஆள் கையில் இருக்கும் அட்டை அச்சடித்தது, பளபளவென்று இருக்கும். அவன் டை கட்டியிருப்பான், உன் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டுவான். இன்னொரு அட்டையில் உன் பெயர் தமிழில் இருக்கும். யாரும் பார்த்துக் காப்பியடிக்க முடியாதபடி தமிழில் எழுதலாம் என்று கோ தூனே சொன்னார். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. நான் எழுதி அனுப்பியதைப் பார்த்து, ஸ்கேல் வைத்து, பென்சிலில் கோடு போட்டு, அழித்து அழித்து வரைந்திருக்கிறார். நேற்று ஃபோட்டோ அனுப்பினார். கட்டட பிளான் மாதிரி இருக்கிறது உன் பெயர். "சரியா இருக்கா, மா கின்? உன் பையனுக்குப் படிக்க வருமா?" என்று கேட்டிருந்தார்.

வரும் என்று பதில் போட்டிருக்கிறேன். அந்தக் கிழவர் பக்கம் போ, ஜோயல். அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு எனக்கு ஃபோன் செய். ஏர்போர்ட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் என்னைத் திட்டு. நான் ஃபோனை வைக்காமல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா